விற்குமா என்று யாரைக் கேட்பது? புதுத்தொழில் சோதனை பற்றிய நூறாண்டு விவாதம்

தொழில் தொடங்குகிறவர் முதலில் பொருளைச் செய்ய வேண்டுமா, அதை வாங்க ஆள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டுமா? பொருளியலாளர்களும் மேலாண்மைப் பேராசிரியர்களும் நூறாண்டுகளுக்கு மேலாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே அரை மணி நேரப் பேருந்துப் பயணம். அந்த வட்டாரத்தில் 1930களில் தொடங்கிய நூற்பாலை இருக்கிறது, பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி விசைத்தறிகள் இருக்கின்றன, பால்கோவா அடுப்புகள் எரிகின்றன, பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் ஸ்டார்ட்அப் போட்டிகளுக்குத் தயாராகிறார்கள். புத்தகங்களில் உள்ள பதில்களை உரசிப் பார்க்க இந்த வட்டாரம் நல்ல களம். அப்படி உரசிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ‘சோதித்துப் பார்த்துத் தொடங்கு’ என்ற ஒரே அறிவுரைக்குள் மூன்று வெவ்வேறு சந்தேகங்கள் கலந்து கிடக்கின்றன: வாங்குவார்களா, நம்மால் செய்ய முடியுமா, போட்ட பணம் உரிய காலத்தில் திரும்புமா. எந்தச் சந்தேகத்துக்கு எந்தச் சோதனை என்று பிரிக்காமல் நடந்த வாதங்களே அதிகம்.

சந்தையை உண்டாக்குகிறவர்கள்

ஆஸ்திரியப் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் 1911இல் வெளியிட்ட நூலில் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். புதிய தேவை பெரும்பாலும் நுகர்வோரிடமிருந்து தானாக எழுவதில்லை. உற்பத்தி செய்கிறவரே அதைத் தொடங்கிவைத்து, வாங்குவோரையும் அதற்குப் பழக்குகிறார் என்றார் அவர். 1921இல் அமெரிக்கரான ஃபிராங்க் நைட் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். கணக்கிடக்கூடிய அபாயத்தையும் கணக்குக்கே வராத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டி, தொழில்முனைவோரின் இலாபம் இரண்டாவதைச் சுமப்பதற்கான ஊதியம் என்றார். 1973இல் பொருளியலாளர் இஸ்ரேல் கிர்ஸ்னர், சந்தையில் ஏற்கெனவே இருந்தும் பிறர் கவனிக்காத வாய்ப்பைக் கண்டுகொள்ளும் விழிப்பையே தொழில்முனைவு என்று விளக்கினார்.

இந்த வரிசையில் ஷும்பீட்டர் பக்கம் நிற்கிறவர்கள் அடிக்கடி காட்டும் சான்று, 1979இல் சோனி வெளியிட்ட வாக்மன். பதிவு செய்ய முடியாத ஒரு கேசட் கருவியை யார் வாங்குவார் என்ற ஐயத்தை மீறி அது சந்தைக்கு வந்து வென்றது. ஆனால் இத்தகைய சான்றுகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. யாரையும் கேட்காமல் செய்து வென்றவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அதே வழியில் போய்க் காணாமல் போனவர்களின் கணக்கை எவரும் வைத்திருக்கவில்லை.

தெரிந்த சந்தை, தெரியாத தொழில்

விருதுநகர் மாவட்டத்தின் பெருமைமிக்க தொழில் வரலாறு இந்த விவாதத்துக்குள் அடிக்கடி இழுக்கப்படுகிறது. ‘நம் முன்னோர் எந்தச் சந்தை ஆய்வு செய்தார்கள்?’ என்ற கேள்வி மேடைகளில் கைதட்டல் வாங்கும். அந்த வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் படம் மாறுகிறது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியை மக்கள் வாங்குவார்களா என்ற ஐயம் அவர்களுக்கு இருந்திருக்க வழியில்லை. இறக்குமதித் தீப்பெட்டி ஏற்கெனவே ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தது. அதே காலத்தில் இறக்குமதித் தீப்பெட்டிக்கு விதிக்கப்பட்ட வரி, உள்நாட்டில் செய்கிறவருக்கு விலையில் இடம் ஏற்படுத்திக் கொடுத்தது. அவர்களுக்கு இருந்த சந்தேகம் இரண்டாவது வகை: மருந்துக் கலவையையும் குச்சியையும் பெட்டியையும் நம் ஊரில், நம் ஆட்களைக் கொண்டு செய்ய முடியுமா? அதற்குரிய சோதனை கல்கத்தாவில் பட்டறைக்குள் நின்று கற்பதுதான். அவர்கள் செய்ததும் அதையே.

ராஜபாளையத்திலும் கதை ஏறத்தாழ இப்படித்தான். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் உள்ளூர் மக்களிடம் பங்கு திரட்டி ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி. நூலுக்குக் கைத்தறிக்காரர்கள் காத்திருந்தார்கள். அங்கே நிரூபிக்கப்பட வேண்டியிருந்தவை முதலும் நிர்வாகமும். ஊர்க்காரர் ஒருவர் தம் சேமிப்பை எடுத்துப் பங்கு வாங்கியபோது, அவர் நூலின் சந்தையைவிட ராமசாமி ராஜா என்ற மனிதரையே மதிப்பிட்டார் என்று கொள்ளலாம். அதுவும் ஒரு சோதனைதான், கடுமையான சோதனையும்கூட. பாராட்டு இலவசம், பங்குக்குக் காசு எண்ணி வைக்க வேண்டும். 1957இல் அவர் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸும் (இன்றைய ராம்கோ சிமெண்ட்ஸ்) தேவை ஐயத்துக்கு இடமில்லாத ஒரு பொருளையே எடுத்துக்கொண்டது.

ஆகவே இந்த முன்னோடிகளின் வெற்றி, சந்தையைச் சோதிக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகாது. அவர்கள் நுழைந்த துறைகளில் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை இருந்தது. தேவையே உறுதியில்லாத ஒரு செயலியை இன்று உருவாக்குகிற இளைஞர், அவர்களிடமிருந்து வேறு பாடங்களைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

மனத்திடமா, முதலா?

இந்தியா விடுதலை பெற்ற பிறகு கேள்வி வேறு வடிவம் எடுத்தது. தொழில் தொடங்குகிறவர்களை உருவாக்க முடியுமா? ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், சாதிக்க வேண்டும் என்ற உந்துதலே பொருளாதார வளர்ச்சியின் வேர் என்று 1961இல் எழுதினார். 1960களின் நடுவில் ஆந்திரத்தின் காக்கிநாடா வணிகர்களை ஹைதராபாத் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்து அந்த உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முயன்றார். பயிற்சி பெற்றவர்கள் புதிய முயற்சிகளில் கூடுதலாக இறங்கினார்கள் என்று அவரது குழு பதிவு செய்தது. முதலும் உரிமமும் கிடைக்காத நாட்டில் மனத்தை மட்டும் மாற்றி என்ன பயன் என்று விமர்சகர்கள் கேட்டார்கள்.

அந்த எதிர்வாதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆதாரம் இருந்தது. ஆய்வாளர் ஜேம்ஸ் பெர்னா சென்னை, கோவைப் பகுதிகளின் 52 நடுத்தர நிறுவனங்களை ஆராய்ந்து 1960இல் ஒரு நூல் வெளியிட்டார். சாதி மரபு, குலத்தொழில் ஆகியவற்றைக் காட்டிலும் முதல் கிடைக்கும் வாய்ப்பும் முன் அனுபவமும் தொழில்நுட்ப அறிவுமே பெரிதும் தீர்மானித்தன என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் முதல் யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் சமூகம் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. விருதுநகர் நாடார் வணிகர்கள் தமக்குள் திரட்டிய மகமைப் பொதுநிதி, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்கும் அமைப்பு, ராஜபாளையத்தின் பங்குத் திரட்டல் ஆகிய அனைத்தும் அறிமுகத்தின் வழியே ஓடிய பணம்தான்.

உளவியல் தரப்பு முற்றிலும் தோற்றுவிடவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், தன்முனைப்புப் பயிற்சி பெற்றவர்களின் இலாபம் சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது. கணக்கு வைப்பு, விற்பனை போன்ற வழக்கமான வணிகப் பயிற்சி அந்த அளவுக்கு உதவவில்லை.

வங்கி கேட்கும் காகிதம்

கல்விப்புலத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் நம் ஊர்களில் மிகுந்த செல்வாக்குள்ள மூன்றாவது நிலைப்பாடு ஒன்று உண்டு. அது வங்கியின் நிலைப்பாடு. தமிழ்நாடு அரசு 2012இல் தொடங்கிய நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் அதே வகை. எதுவானாலும் முதல் படி ‘புராஜெக்ட் ரிப்போர்ட்’. இயந்திரத்துக்குக் கொட்டேஷன், கட்டடத்துக்கு மதிப்பீடு, அடுத்த ஐந்தாண்டு விற்பனைக்கு ஓர் அட்டவணை. முதல் ஆண்டு உற்பத்தித் திறனில் இத்தனை விழுக்காடு, அடுத்த ஆண்டு அதற்குச் சற்று மேல் என்று எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும்.

இந்த முறைக்கு நியாயம் இருக்கிறது. பொதுமக்களின் வைப்புத்தொகையைக் கடனாகக் கொடுக்கிற வங்கி ஏதேனும் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். தேவை தெரிந்த தொழில்களுக்கு, ஒரு மாவு மில்லுக்கோ விசைத்தறிக் கூடத்துக்கோ, இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். புதிய பொருள் என்று வரும்போதுதான் சிக்கல். வாங்குவார்களா என்ற கேள்விக்கு அட்டவணை ஏற்கெனவே ‘ஆம்’ என்று எழுதிவிடுகிறது. கடன் கிடைத்த கையோடு இயந்திரம் வந்து இறங்குகிறது. தவணையும் வட்டியும் ஓடத் தொடங்குகின்றன. பொருளை மாற்றிப் பார்க்கலாம் என்று தொழில்முனைவோர் உணரும் நேரத்தில், மாற்ற முடியாத இயந்திரம் அவர் கூடத்தில் நிற்கிறது. இந்த இறுக்கம் பற்றிக் கொள்கை வகுப்பவர்கள் போதிய கவலை கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

சிறிதாகச் செய்து பார்

இந்த வங்கி முறைக்கு நேர் எதிராக எழுந்தது அமெரிக்கச் சிலிக்கான் பள்ளத்தாக்கின் சோதனை மரபு. ஸ்டீவ் பிளாங்க் 2005இலும் அவரது மாணவர் எரிக் ரீஸ் 2011இலும் வெளியிட்ட நூல்கள் அதற்கு வடிவம் கொடுத்தன. அலுவலகத்தை விட்டு வெளியே போய் வாடிக்கையாளரைப் பார். முழுப் பொருளுக்குப் பதில் குறைந்தபட்ச வடிவத்தைக் கொடுத்துப் பார். தவறு என்றால் திசையை மாற்று. 2014இல் சிபி இன்சைட்ஸ் நிறுவனம், மூடப்பட்ட 101 ஸ்டார்ட்அப்களின் நிறுவனர்கள் எழுதிய காரணங்களைத் தொகுத்தபோது, 42 விழுக்காட்டினர் சந்தையில் தேவை இல்லாததைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த எண் இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. தோற்றவர் தாமே சொன்ன காரணம் என்பதால் அதைச் சற்று எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

இந்த மரபின் சாரம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1983இல் 15,000 ரூபாய் முதலோடு கடலூரிலிருந்து கிளம்பிய சி. கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். எந்த நிறுவனத்தின் காலி சாஷேயாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்ற திட்டம் பிறகு வந்தது. காலி சாஷே என்பது வாய்ப்பேச்சு அல்ல. கொண்டுவருகிறவர் ஏற்கெனவே ஷாம்புவுக்குக் காசு கொடுத்திருக்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி. பின்னர் சிக் சாஷேக்கு மட்டுமே இலவசம் என்று திட்டம் சுருங்கியது. முதலில் ஷாம்புப் பழக்கம், அடுத்து தன் பெயருக்கான விருப்பம் என இரண்டும் தனித்தனியே அளக்கப்பட்டன என்று இதைப் படிக்கலாம்.

சோதனை மரபுக்கு வலுவான சான்று இத்தாலியிலிருந்து வந்தது. 116 தொடக்க நிலை நிறுவனங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தம் எண்ணத்தைக் கருதுகோளாக எழுதி, எது நடந்தால் அது பொய்யாகும் என்று முன்கூட்டியே முடிவு செய்து சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, அவர்கள் கூடுதலாக வருவாய் ஈட்டினார்கள். திசை மாற்றியதும் அவர்களிடையே அதிகம், ஆனால் தொடக்கக் கட்டத்தில் எண்ணத்தைக் கைவிட்டது மற்றப் பாதியைவிட அதிகமில்லை. திசை மாற்றியதையும் நன்மைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாதிச் சேமிப்பு கரைவதற்குள் பாதை மாற்றுகிறவருக்கு மீதிப் பாதி மிச்சம்.

கேட்டால் உண்மை வருமா?

சோதனை மரபின் பலவீனம், பதில் சொல்கிறவர்கள் மனம் திறந்து பேசுவார்கள் என்ற அனுமானத்தில் இருக்கிறது. கோவை அருணாசலம் முருகானந்தத்தின் அனுபவம் இதற்கு உலகறிந்த சான்று. மலிவு விலை நாப்கின் செய்ய முனைந்த அவருக்கு, பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல வீட்டுப் பெண்களே தயங்கினார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினையும் கருத்துப் படிவத்தையும் கொடுத்தார். படிவங்கள் நிரம்பி வந்தன. ஆனால் சிலர் மட்டும் உட்கார்ந்து எல்லாருக்குமாகச் சேர்த்து நிரப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கடைசியில் பந்துப் பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வெட்கம் குறுக்கே நிற்கும் பொருளில் கருத்துக் கணிப்பு எவ்வளவு வெறுமையானது என்பதை அந்தப் படிவங்கள் காட்டுகின்றன.

வெட்கம் இல்லாத இடத்தில் முகதாட்சணியம் வந்து நிற்கும். ராஜபாளையத்தில் உறவுக்காரர் ஒருவர் புதுத்தொழில் பற்றிச் சொன்னால், ‘நல்லா வரும்ப்பா, ஆரம்பி’ என்பதுதான் எதிர்பார்க்கக்கூடிய பதில். கல்லூரிப் போட்டிகளின் பரிசும் சான்றிதழும் அதே இனம். கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் கல்வி நிறுவனம், ராஜபாளையத்தில் 2013இல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை மாணவர்களுக்கு ஆய்வகமும் வழிகாட்டிகளும் தர முடியும். நடுவர்களின் மதிப்பெண், வாடிக்கையாளரின் பணத்துக்கு ஈடாகாது.

பணமே கொடுத்தாலும் அதன் பொருள் எளிதில் விளங்கிவிடுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்ளலாம். அகலமான வாணலியில் பாலும் சீனியும் விறகுத் தீயில் கொதிக்க, அடிபிடிக்காமல் துடுப்பால் விடாது கிண்டுகிறார்கள். பால் சுண்டித் திரண்டு, லேசாக நிறம் மாறும் பதத்தில் இறக்குகிறார்கள். 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர் ஊர் திரும்பும்போது அரைக் கிலோ வாங்குகிறார். அவர் வாங்கியது இனிப்பையா, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்ததன் அடையாளத்தையா? தின்னப்போகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இந்த விற்பனையைப் பார்த்து, சென்னையிலும் பெங்களூருவிலும் ஆன்லைனில் விற்கத் தொடங்குகிறவருக்கு முதல் மாத ஆர்டர்கள் அதிகம் சொல்லமாட்டா. வெளியூரில் வாழும் சொந்த ஊர்க்காரர்கள் ஆசைக்கு ஒருமுறை வாங்கியிருக்கலாம். அவர்களே மூன்றாம் மாதமும் வாங்குகிறார்களா, கூரியர் செலவு போக என்ன நிற்கிறது, சில நாட்களே தாங்கும் பண்டம் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது என்பவைதான் அங்கே பொருட்படுத்தத்தக்க எண்கள்.

மருத்துவமனை வாங்கும், பணம் எப்போது வரும்?

சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி மூன்றாவது சந்தேகத்தைக் கண்முன் நிறுத்துகிறது. காயம் கட்டும் துணிக்குத் தேவை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் பயன்படுத்துகிறவர் செவிலியர், தேர்வு செய்கிறவர் கொள்முதல் அதிகாரி, பணம் தருவது நிதிப் பிரிவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் வழியே வாங்குகிறது. இழை நெருக்கத்துக்கும் நீர் உறிஞ்சும் வேகத்துக்கும் சட்டப்படியான தர அளவுகள் உண்டு. மேம்பட்ட காயக்கட்டு ஒன்றைக் கண்டுபிடித்த இளைஞர் பத்துச் செவிலியரிடம் பாராட்டு வாங்கலாம். டெண்டர் விவரக்குறிப்பில் அந்தப் பொருளுக்கு இடமே இல்லாமல் போகலாம்.

விற்ற பிறகு வரும் காத்திருப்பு இன்னொன்று. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். காலம் தாழ்த்தும் நிறுவனம் அந்தச் செலவை, பணம் கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விதி தேவைப்பட்டதே நோயின் கடுமையைக் காட்டுகிறது. நூலுக்கு ரொக்கம் கொடுத்துவிட்டுத் துணிக்குக் கடன் சொல்லி நிற்கிற தறிக்காரருக்கு, ஆர்டர் வந்துவிட்டது என்பது பாதிச் செய்தி மட்டுமே.

சிலிக்கான் பள்ளத்தாக்குப் புத்தகங்கள் இந்தக் காத்திருப்பைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன. முதலீட்டாளரின் பணம் பின்னால் இருக்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை அவை.

கையில் இருப்பதிலிருந்து

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் அறிஞர் ஹெர்பர்ட் சைமனிடம் பயின்ற சரஸ் சரஸ்வதி வேறு வழி காட்டினார். அனுபவம் மிக்க 27 நிறுவனர்களிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, முடிவெடுக்கும்போதே மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லவைத்தார். 2001இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களில் பெரும்பாலோர் சந்தைக் கணிப்புகளை நம்பவில்லை. தாம் யார், தமக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். எவ்வளவு வரும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்கலாம் என்று பார்த்தார்கள்.

தெற்குச் சீமைக்கு இந்தப் பதில் இயல்பாகப் பொருந்துகிறது. நகையை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் தொழில் தொடங்கும் வீட்டில், தாங்கக்கூடிய இழப்பு எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு. 1996இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, வெளி முதலீடு வாங்காமல் வாடிக்கையாளர் தந்த பணத்திலேயே வளர்ந்து, 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது இந்த மரபின் பெரிய உதாரணம்.

இங்கேயும் ஒரு குறை இருக்கிறது, அது சிறியதல்ல. ‘யாரைத் தெரியும்’ என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. சமூக வலைப்பின்னலுக்குள் பிறந்தவருக்கு முதல் வாடிக்கையாளரும் முதல் கடனும் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கலாம். தலித் குடும்பத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும், கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் கிடைக்காத பெண்ணுக்கும் அதே யோசனை பாதிக் கதவைத்தான் திறக்கும். வென்ற 27 பேரிடம் கேட்ட ஆய்வு, அவர்கள் அப்படிச் சிந்தித்ததால் வென்றார்களா, வென்றபின் அப்படிச் சிந்திக்கும் வசதி வந்ததா என்பதையும் பிரித்துக் காட்டவில்லை.

தீராமல் நிற்பவை

இவ்வளவு விவாதத்துக்குப் பிறகு சில முடிவுகளை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். வாய்வார்த்தையைவிடக் கொடுத்த பணமும், முதல் விற்பனையைவிட அதே வாடிக்கையாளர் மறுபடி வாங்குவதும் நம்பத்தக்கவை. தேவை தெரிந்த தொழிலில் செய்திறனையும் பண ஓட்டத்தையும் சோதிப்பது, வாங்குவார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிடப் பயன் தரும். மாற்ற முடியாத இயந்திரத்தில் பணத்தை முடக்குவதைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நல்லது.

தெளிவாகாதவை இன்னும் அதிகம். இத்தாலியச் சோதனையின் பலன், தோல்வி குடும்பத்தின் பெயரையே பாதிக்கும் சிற்றூரில் அப்படியே கிடைக்குமா என்பதற்கு நேரடிச் சான்று தேவை. சோதனையில் எண்ணம் பொய்யானது தெரிந்தும், ஊர் என்ன சொல்லும் என்பதற்காகத் தொடர்கிறவரை எந்தப் பயிற்சி நிறுத்தும் என்று சொல்வது கடினம். தமிழ்நாடு அரசின் டான்சீட் போன்ற விதை நிதி, சோதித்துப் பார்க்கும் செலவை ஏற்கிறது. அப்படிச் சோதித்துவிட்டு ‘இது விற்காது’ என்று நிறுத்திக்கொண்டவரை, அடுத்த யோசனையோடு வரும்போது அரசும் வங்கியும் எப்படி நடத்தும் என்பது தனிக் கேள்வி. கடன் தரும் திட்டங்கள் முழு இயந்திரத்துக்கு ஒரே தவணையில் தராமல், முதல் நூறு வாடிக்கையாளருக்கு ஒரு பகுதி, பிறகு மீதி என்று பிரித்துத் தந்தால் வாராக்கடன் குறையுமா? விருதுநகர் போன்ற ஒரு மாவட்டத்தில் சில ஆண்டுகள் இரு முறைகளையும் பக்கம் பக்கமாக நடத்தி ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கக்கூடும். அத்தகைய ஒப்பீடு, பல மேலாண்மை நூல்களைவிட அடுத்து தொழில் தொடங்கப்போகிறவருக்குக் கூடுதலாக உதவும்.